கிறிஸ்துமஸை முதல் முறை சொந்த வீட்டில் நடத்தப் போகிறவர்களுக்கு

எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸில் நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டது ஒரு பரிசுப் பொட்டலத்தால். 24-ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பொட்டலத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர்கள் வீட்டில் பரிசை அந்த ராத்திரியே பிரித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் 25 காலையில், அதுவும் கடைசியாக எழுந்திருக்கிற ஆள் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருமே இதை எங்கள் வீட்டுப் பழக்கம் என்று நினைத்திருக்கவில்லை, ஊர் உலகமே இப்படித்தான் செய்கிறது என்று நினைத்திருந்தோம்.

புதிதாகக் கல்யாணமானவர்கள், பெற்றோர் வீட்டை விட்டு வந்து முதல் முறை தனியாகப் பண்டிகை நடத்துகிறவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்தில் சம்பந்தம் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழிக்கிறவர்கள், குழந்தை பிறந்த பிறகு "நாமும் ஏதாவது செய்யணும்" என்று நினைக்கிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்துகொண்டு போனால் டிசம்பர் கடைசி வாரத்தில் தலை சுற்றாது.

முதலில் ஒரு தாள், ஒரு பேனா

இதை நவம்பர் நடுவிலேயே முடித்துவிடுங்கள், டிசம்பர் வந்துவிட்டால் யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. வீட்டில் இருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவரும், அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்காமல், சின்ன வயதில் தன் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு என்னென்ன நடந்தது என்று எழுத வேண்டும். பெரிய பெரிய விஷயமாகத் தேட வேண்டாம். யார் முதலில் எழுந்தார்கள், புதுத்துணியை எப்போது போட்டார்கள், குடிலை (இயேசு பிறந்த மாட்டுக்கொட்டிலைப் பொம்மைகளால் காட்டுவது) யார் கட்டினார்கள், பரிசு எப்போது பிரிந்தது, சாப்பிடும் முன் யார் ஜெபம் சொன்னார்கள், சாயங்காலம் எங்கே போனார்கள், இந்த மாதிரி. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். இது இல்லாமல் எனக்குக் கிறிஸ்துமஸே இல்லை என்றால் நட்சத்திரம். இருந்தால் நல்லது என்றால் புள்ளி. உண்மையைச் சொன்னால் எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது என்றால் பெருக்கல் குறி.

அந்தப் பெருக்கல் குறிகளை முதலில் பாருங்கள். 25-ஆம் தேதியே சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்குவது என்ற வரிக்கு என் தாளிலும் பெருக்கல், அவர் தாளிலும் பெருக்கல். மூன்று வருஷமாக அவருக்காக நானும் எனக்காக அவரும் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். (ஆமாம், இந்தத் தாள் யோசனை எங்களுக்கே மூன்றாவது வருஷம்தான் தோன்றியது.) இப்போது அந்த வீடுகளுக்கு 26-இலிருந்து புத்தாண்டுக்குள் நிதானமாகப் போய் வருகிறோம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நட்சத்திரம் போட்டதில் ஆளுக்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு இரண்டு பேர் வீட்டிலும் இல்லாத புதிய ஒன்று. மொத்தம் ஐந்து. முதல் வருஷத்துக்கு ஐந்து தாராளம். கிறிஸ்துமஸ் பழக்கமே இல்லாத குடும்பத்திலிருந்து வந்தவர் ஒருவர் இருந்தால் அவர் தாள் காலியாகத்தான் இருக்கும், அந்தப் புதிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற உரிமையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். விருந்தாளி மாதிரி ஓரமாக நின்று பார்க்கிற நிலைமை அவருக்கு வரவே கூடாது.

தேதியையும் இங்கேயே பேசிவிடுங்கள். எல்லாருக்கும் டிசம்பர் 25 இல்லை. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ரஷ்ய, செர்பிய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அது இப்போது நாம் பயன்படுத்தும் நாட்காட்டியில் ஜனவரி 7. ஆர்மீனியத் திருச்சபைக்கு ஜனவரி 6. வீட்டில் இரண்டு தேதி வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் விருந்து, இன்னொன்றில் ஆராதனையும் அமைதியான ஒரு சாப்பாடும். எந்தத் தேதி சரி என்ற விவாதத்துக்கு மட்டும் போகாதீர்கள், அது பல நூற்றாண்டாக முடியாமல் கிடக்கிறது, உங்கள் சாப்பாட்டு மேசையில் முடியப்போவதில்லை.

ஒரு வேலைக்கு ஒரு ஆள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த ஐந்துக்கும் ஐந்து பெயர் எழுதுங்கள். ஆள் குறைவாக இருந்தால் ஒருவருக்கு இரண்டு விழட்டும், ஆனால் ஒரே வேலைக்கு "நாம எல்லாரும்" என்று எழுதக் கூடாது. நாம எல்லாரும் என்று எழுதினால் அது வீட்டில் ஒரே ஆள் தலையில்தான் விழும், அது யார் என்று உங்களுக்கே தெரியும். 25 மத்தியானம் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் படுத்திருப்பவர் அவர்தான்.

பொறுப்பு என்றால் முழுப் பொறுப்பு. குடில் உங்கள் வீட்டுக்காரர் வேலை என்றால் பொம்மை எங்கே இருக்கிறது, வைக்கோல் யார் வாங்குவது, எந்த நாளில் கட்டுவது, எல்லாமே அவர் யோசிக்க வேண்டும். "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்பவர் நல்லவர்தான், ஆனால் யோசிக்கிற வேலை இன்னும் உங்களிடமே இருக்கிறது. அப்புறம், அவர் கட்டுகிற குடில் கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும். பின்னாலேயே போய் நிமிர்த்தி வைத்தால் அடுத்த வருஷம் அந்த வேலை உங்களுடையது.

குழந்தைகளுக்கும் கட்டாயம் ஒரு வேலை வேண்டும், அதுவும் ஒப்புக்குக் கொடுக்கிற வேலையாக இல்லாமல், அவர்கள் செய்யாவிட்டால் நடக்காத ஒன்றாக. நாலு வயதுக் குழந்தை குழந்தை இயேசுவைத் தொட்டியில் வைக்கலாம். எட்டு வயதானால் சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்காருவது என்று பெயர்ச்சீட்டு எழுதலாம். பன்னிரண்டு வயதுக்கு மேல் பாட்டு எது, எந்த வரிசையில் என்பதை ஒப்படைத்துவிடுங்கள். வருகிற பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு ஞாயிறு

திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டது. முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும், அதனால் சில வருஷம் 22 நாள்தான், சில வருஷம் 28 நாள் வரை நீளும். காத்திருப்பதுதான் இந்தக் காலத்தின் முழு விஷயமும். டிசம்பர் முதல் தேதியே எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிட்டு இனிப்பும் சாப்பிட்டு முடித்துவிட்டால் 25-ஆம் தேதி புளித்துப்போகும்.

வீட்டில் செய்ய எளிதானது மெழுகுவர்த்தி வளையம். இதன் பின்கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஏழைக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் நடத்திவந்த யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற பாதிரியார், "கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ" என்று குழந்தைகள் தினமும் நச்சரித்ததால், 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து அதில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நாலும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார் என்று சொல்வார்கள். எத்தனை எரிகிறது, எத்தனை மீதி என்று குழந்தைகளே எண்ணிக்கொள்ளலாம். இன்று வீடுகளில் பெரிய நாலு மட்டும் நிற்கிறது.

செய்முறை ஒன்றும் பெரிதில்லை. அகலமான தட்டு, நாலு மெழுகுவர்த்தி, சுற்றிலும் பச்சை இலை. முதல் ஞாயிறு ஒன்று, இரண்டாவது ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கத்தோலிக்கக் கோயில்களில் மூன்று ஊதாவும் மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு ரோஜா நிறமும் வைப்பார்கள், வீட்டில் கிடைத்த நிறம் போதும். நாலாவது ஞாயிறுக்குள் முதல் மெழுகுவர்த்தி நாலு முறை எரிந்து குட்டையாகி, கடைசி ஒன்று மட்டும் புதிதாக நிமிர்ந்து நிற்கும், நாலும் படிக்கட்டு மாதிரி இருக்கும். அதை மாற்றிச் சமமாக்கிவிடாதீர்கள், குழந்தைகள் நாள் கணக்குப் பார்ப்பதே அதில்தான். ஒரு வாசகம், ஒரு பாட்டு, பத்து நிமிஷம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். இலை நாலாவது வாரத்துக்குள் சருகாகிவிடும், ஒரு பொறி போதும் அது பற்றிக்கொள்ள. அதனால் வாரா வாரம் இலையை மாற்றுங்கள், அறையை விட்டுக் கடைசியாகப் போகிறவர் அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

குடில்

மரமா குடிலா, ஒன்றுதான் முடியும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு குடில் என்பேன். மரம் கட்டி முடித்த அன்றோடு சரி, அப்புறம் அது ஓர் அலங்காரம். குடிலில் ஒரு மாதத்துக்கு ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்.

1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி ஒரு குகையில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, பெத்லகேமை ஜனங்கள் கண்ணால் பார்க்கும்படி செய்ததுதான் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய தொடக்கம். மாடும் கழுதையும் லூக்கா நற்செய்தியின் பிறப்புக் கதையில் கிடையாது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள், எடுத்துப் பாருங்கள். தன் உடைமையாளரை அறியும் மாடு, தன் எசமானின் தொட்டியை அறியும் கழுதை என்று பழைய ஏற்பாட்டில் ஏசாயா முதல் அதிகாரத்தில் வருகிற வரியிலிருந்து அவை வந்து சேர்ந்தன.

அடித்தளத்துக்கு ஓர் அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மலைக்குப் பழுப்புக் காகிதம். அதை நன்றாகக் கசக்கி, பிரித்து, மறுபடி கசக்கி, பெட்டி மேல் தளர்வாகப் போட்டு, மடிப்பின் மேட்டில் மட்டும் தூரிகையால் கொஞ்சம் வெள்ளையும் பள்ளத்தில் கொஞ்சம் கறுப்பும் தடவினால் தூரத்திலிருந்து அசல் பாறைதான். விளக்குக்குச் சின்ன எல்இடி ஒன்று, மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், உள்ளே வைக்கோல் இருக்கிறது. பொம்மைகளை ஒரே நாளில் முழு செட்டாக வாங்க வேண்டிய அவசியமில்லை. முதல் வருஷம் மரியாள், யோசேப்பு, குழந்தை, இந்த மூன்று. அடுத்த வருஷம் ஓர் இடையன், அதற்கடுத்து ஓர் ஆடு. வருஷத்துக்கு ஒன்று சேர்த்தால் பத்து வருஷம் கழித்து ஒவ்வொரு பொம்மையும் எந்த வருஷத்தது என்று சொல்ல முடியும். கைக்குழந்தை, தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் உடையாத மரப் பொம்மையோ துணிப் பொம்மையோ வாங்கிக் குழந்தைக்கு எட்டும் உயரத்திலேயே வையுங்கள். ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கடியில் மேய்க்கும், மேய்க்கட்டும்.

இப்போது முக்கியமான இரண்டு விஷயம். 24 இரவு வரை தொட்டி காலியாக இருக்க வேண்டும், குழந்தை இயேசு பொம்மையை வேறெங்காவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கே வைத்தோம் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். (எழுதாமல் விட்ட வருஷம் எங்கள் வீட்டில் ஒரு கடலைத்தோலில் பஞ்சு வைத்து ஒப்பேற்றினோம்.) இரண்டாவது, குழந்தையைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளைக் குடிலுக்குள் உடனே வைக்காதீர்கள். மத்தேயு நற்செய்தியில் அவர்கள் ஒரு வீட்டுக்குள் போய்த்தான் குழந்தையைப் பார்க்கிறார்கள், அதாவது பிறந்த இரவுக்குப் பிறகு. மூன்று பேர் என்றுகூட அங்கே இல்லை, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று என்றாகிவிட்டது. அதனால் எங்கள் வீட்டில் ஞானிகள் குடிலுக்கு ரொம்ப தூரத்திலிருந்து கிளம்புவார்கள். துணி துவைக்கும் மெஷின் மேல் ஒரு நாள், ஃபிரிட்ஜ் மேல் ஒரு நாள், புத்தக அலமாரி, ஜன்னல் விளிம்பு என்று தினம் கொஞ்சம் நகர்ந்து ஜனவரி 6 திருக்காட்சித் திருநாளன்று குடிலுக்கு வந்து சேருவார்கள். நகர்த்துவது யார் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ஒரு வருஷம் ஒட்டகத்தோடு ஒரு ஞானியைக் காணோம், என் வீட்டுக்காரர் அலுவலகத்துக்குக் கிளம்பி ஷூவில் காலை விட்டபோது கிடைத்தார்.

மரம், விளக்கு

இதைச் சீக்கிரம் முடிக்கிறேன். விளக்குச் சரத்தை மரத்தில் சுற்றுவதற்கு முன் தரையில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். பழைய மாதிரி தொடர் இணைப்புச் சரத்தில் ஒரு பல்பு கழன்றாலே மொத்தமும் அணைந்துபோகும், மரத்தில் சுற்றிய பிறகு அந்த ஒன்றைத் தேடுவது நரகம். வரிசை: முதலில் விளக்கு, அடுத்து மாலைகள், கடைசியில் உருண்டைகள், கனமானவை தண்டுக்குப் பக்கத்தில். நிஜ மரம் என்றால் அடியில் தினமும் தண்ணீர் வேண்டும், காய்ந்த மரம் பற்றினால் சில விநாடியில் முடிந்துவிடும். மரத்துக்கு மின்விளக்கு வந்ததே 1882-இல்தான், எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 பல்புகளைக் கட்டினார். அதுவரை கிளையில் நிஜ மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே வாளியில் தண்ணீரோடு நின்றார்கள்.

குழந்தைகளும் பிராணிகளும் உள்ள வீட்டில் இன்னும் மூன்று ஜாக்கிரதை. பாடுகிற வாழ்த்து அட்டை, மினுக்குகிற போலி மெழுகுவர்த்தி இவற்றுக்குள் பட்டன் பேட்டரி இருக்கும், குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம், விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஜரிகைச் சரத்தைப் பூனை விழுங்கினால் குடலில் சிக்கும். உலர் திராட்சை போட்ட கேக்கும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம், மேசை ஓரத்தில் தட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பரிசு

பெரிய குடும்பத்தில் எல்லாரும் எல்லாருக்கும் வாங்கினால் பணமும் போகும், நிம்மதியும் போகும். பத்து பேர் என்றால் 90 பொட்டலம். பெரியவர்களுக்குச் சீட்டு முறை வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பரிசு, எல்லாருக்கும் ஒரே உச்சவரம்பு. வரம்பை யார் சொல்வது என்றால், குடும்பத்தில் கை இறுக்கமாக இருப்பவர் சொல்லட்டும், மற்றவர்கள் தலையாட்டட்டும்.

கிண்ணத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கினால் தன் பெயரே தனக்கு வந்துவிடுகிறது என்று ஒவ்வொரு முறையும் யாராவது கத்துவார்கள், அது துரதிர்ஷ்டம் இல்லை, கணக்கே அப்படி. ஆறு பேர் எடுத்தால் சீட்டு 720 விதமாக விழலாம், அதில் 265 விதத்தில்தான் ஒருவருக்கும் தன் பெயர் வராது. அதாவது மூன்றில் இரண்டு தடவைக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பக் குலுக்க வேண்டியிருக்கும். இதற்கு எளிய வழி, ஆட்டத்தில் சேராத ஒரு சிநேகிதரிடம் பெயர்களைக் கொடுங்கள், அவர் கலைத்துப் போட்டு ஒரே வரிசையாக எழுதி, ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவருக்கு, கடைசி ஆள் முதல் ஆளுக்கு என்று தனித்தனியாகச் செய்தி அனுப்பிவிடட்டும். தன் பெயர் தனக்கு வரவே வராது.

பிரிக்கும்போது ஒருவர் பிரித்து முடித்த பிறகு அடுத்தவர். குழந்தைகளுக்கு இது கஷ்டம்தான், ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கிழித்தால் மூன்று நிமிஷத்தில் தரை முழுக்கக் காகிதம், எது யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. சின்னவரிலிருந்து பெரியவர் என்று போங்கள். கிறிஸ்துமஸ் தாத்தா விஷயத்தில் தாத்தா பாட்டி, சித்தி, மாமா எல்லாரும் ஒரே கதையைச் சொல்கிறார்களா என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரைச் சொல்லிக் கொடுக்கிற பரிசு சின்னதாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. பள்ளியில் பக்கத்துப் பெஞ்சுக் குழந்தைக்கு அதே தாத்தா ஒரு பென்சில் பெட்டியும் உங்கள் குழந்தைக்குச் சைக்கிளும் கொடுத்தால் அந்தக் குழந்தை என்ன நினைக்கும்?

வாழ்த்து அட்டை அனுப்ப ஆசை இருந்தால் பத்துப் பேருக்குக் கையால் எழுதுங்கள். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்ததே எல்லாருக்கும் கடிதம் எழுதி மாளவில்லை என்றுதான். அதனால் உங்களுக்கும் சோம்பலாக இருந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

24 இரவும் 25 பகலும்

இந்த ஒன்றரை நாளுக்கு மட்டும் மணிக்கணக்கு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். நள்ளிரவு ஆராதனைக்குப் போவதாக இருந்தால் குழந்தைகள் மத்தியானம் ஒரு தூக்கம் போட்டே ஆக வேண்டும், பெரியவர்களும்தான். கோயிலுக்குக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், புதுத்துணி எல்லாம் போடுவதற்கும் முன்னால், குடிலுக்கு எதிரே உட்கார்ந்து லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் முதல் இருபது வசனத்தை யாராவது சத்தமாக வாசியுங்கள். மூன்று நிமிஷம்தான். எங்கள் வீட்டில் வாசிப்பது அந்த வருஷம் புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய குழந்தை. "அகுஸ்து" என்ற ரோமப் பேரரசர் பெயரில் வருஷா வருஷம் யாராவது ஒரு குழந்தை இடறும், பெரியவர்கள் உதடு கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள். கோயிலுக்குப் போய்வந்ததும் கடைசிப் பிள்ளை குழந்தை இயேசுவைத் தொட்டியில் வைக்கும். விளக்கை அணைத்துவிட்டுக் குடில் வெளிச்சத்தில் ஒரு பாட்டு. தூங்கிப் போயிருந்தால் எழுப்ப வேண்டாம், காலையில் வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை இல்லாதவரோ வேறு மதத்தவரோ வீட்டில் இருந்தால் கோயிலுக்கு வரச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம், "நீங்க வீட்டிலேயே இருங்க" என்று நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம். கேளுங்கள். என் தோழி வீட்டுக்காரர் கோயிலுக்கு வருவதில்லை, ஆனால் எல்லாரும் திரும்பி வரும்போது சூடாகக் குடிக்க ஏதாவது போட்டு வைத்துக்கொண்டு வாசல் விளக்கோடு காத்திருப்பார். எத்தனை மணி ஆனாலும் அந்த வாசல் விளக்கு எரியும். இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

25 விருந்துக்கு ஒரே விதி, அன்று அடுப்பில் புதிதாகச் செய்வது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மற்றதெல்லாம் முந்தின நாளே முடிந்து சூடு பண்ணினால் போதும் என்ற நிலையில் இருக்க வேண்டும். புதுச் சமையல் குறிப்பைச் சோதித்துப் பார்க்கிற நாள் இது இல்லை. வருகிறவர்கள் "என்ன கொண்டுவரட்டும்" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லாமல் ஒரு பொருளைச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு மணி நேரத்துக்கு எதுவுமே திட்டம் போடாதீர்கள். பெரியவர்கள் தூங்குவார்கள், பிள்ளைகள் பரிசை விட்டுவிட்டு அது வந்த அட்டைப் பெட்டியோடு விளையாடும்.

வராதவர்களும் இல்லாதவர்களும்

தூரத்தில் இருப்பவரோடு வீடியோ அழைப்பு என்றால் நேரத்தை முன்பே குறித்து, பத்துப் பேரும் ஒரே போனுக்குள் தலையை நீட்டி "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவதற்குப் பதில், ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். அவர்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற, நீங்கள் இங்கே ஏற்றலாம், அல்லது சாப்பாட்டு ஜெபத்தை அவரே போனில் சொல்லட்டும்.

அந்த வருஷம் ஒருவரை இழந்திருந்தால், எல்லாம் வழக்கம்போல் நடக்கிற மாதிரி நடிக்க வேண்டாம். அப்பா போன வருஷம் நாங்கள் மரம் வைக்கவில்லை, குடில் மட்டும் வைத்தோம், அப்பா செய்த வேலை எது என்று பார்த்து (வெளியே நட்சத்திர விளக்கு கட்டுவது) அதை யார் எடுத்துக்கொள்வது என்று அம்மாவிடம் கேட்டோம். அம்மா தானே ஏணியில் ஏறுவேன் என்றுவிட்டார். கீழே நாலு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றோம், ஒருவரும் பேசவில்லை, மேலேயிருந்து அம்மா மட்டும் "உங்கப்பா முடிச்சு போடுற லட்சணத்தைப் பாரு, இன்னும் அவிழல" என்று திட்டிக்கொண்டே கட்டினார். வயதானவர்களிடம் கேட்காமல் எதையும் நிறுத்தவும் வேண்டாம், கேட்காமல் நடத்தவும் வேண்டாம்.

கழற்றி வைப்பது

கிறிஸ்துமஸ் காலம் 25-ஆம் தேதி முடிவதில்லை, தொடங்குகிறது. அன்றிலிருந்து பன்னிரண்டு நாள், ஜனவரி 6-இல் ஞானிகள் வந்து சேர்ந்த பிறகு கழற்றலாம். சிலர் பிப்ரவரி 2 வரை குடிலை வைத்திருப்பதும் உண்டு. கட்டும்போது இருந்த கூட்டம் கழற்றும்போது இருக்காது, அதனால் அதற்கும் தாளில் ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும்.

விளக்குச் சரத்தை ஓர் அட்டைத் துண்டில் சுற்றி வையுங்கள், அள்ளி உள்ளே போட்டால் அடுத்த டிசம்பரில் சிக்கெடுக்கவே ஒரு மாலை போகும். பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், கசிந்து பொருளைக் கெடுக்கும். பொம்மைகளைக் குழந்தைகளின் பழைய காலுறைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு அடுக்குங்கள். பெட்டியை மூடும் முன் மேலாக ஒரு தாள் வையுங்கள், அடுத்த வருஷம் திறக்கும்போது முதலில் கையில் படும்படி. இந்த வருஷம் எங்கள் பெட்டியில் இருக்கிற தாளில் நாலு வரி: மாட்டுக்கு ஒரு கொம்பு இல்லை, ஒட்டணும். விளக்கு இரண்டு சரம் போதும், மூன்றாவது வாங்காதே. பாட்டு வரிசை இனி சின்னவள் வேலை. குழந்தை இயேசு தையல் மெஷின் டிராயரில், இடது பக்கம்.